ஒரு வேர் விடுபட்ட பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. காரைக்குடியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கீழ்த்தாடையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பத்து மாதங்களுக்கு முன் ரூட் கனால் செய்து, உலோகக் கேப் போட்டுக்கொண்டேன். மூன்று மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு அந்தப் பக்கம் மெல்லும்போது வலிக்கத் தொடங்கியது. நாக்கை ஒட்டிய பக்கத்து ஈறில் ஒரு சிறு கொப்புளம் தோன்றுகிறது. சீழ் வடிந்து அடங்கி, சில வாரங்களில் மறுபடியும் வருகிறது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் நிரந்தரமாகக் குணமாகவில்லை. வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது, கருவியைச் சற்றுச் சாய்த்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பல்லுக்கு வழக்கமான இரண்டு வேருக்குப் பதில் மூன்று வேர் இருக்கிறது, மூன்றாவது வேருக்குச் சிகிச்சையே நடக்கவில்லை என்றார். சி.பி.சி.டி. எனப்படும், பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் எடுத்து மறுபடி வேர் சிகிச்சை செய்யலாம் என்பது அவர் யோசனை. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவரோ, பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். முதலில் செய்தவர் கவனக்குறைவாகச் செய்துவிட்டாரா? ஸ்கேன் உண்மையிலேயே தேவையா? இடப்பக்கத்தில் அதே பல்லில் சொத்தை இருக்கிறது. அதற்கும் இதே கதி நேருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பல்லைப் பிடுங்குவதற்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பல்லில் சிகிச்சை பலிக்காததற்குத் தெளிவான ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றுகிறது; அந்தக் காரணம் சரிசெய்யக்கூடியதும்கூட. வேர் சிகிச்சை தோற்றுப்போன பற்களில் நாங்கள் அதிகம் தயங்குவது, வேர்களுக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள் எல்லாம் ஒழுங்காக அடைக்கப்பட்டிருந்தும் ஏன் வலிக்கிறது என்று தெரியாத பற்களிடம்தான். உங்களுடையது அந்த வகையாகத் தெரியவில்லை. ஆனால் சீழ் வருவது அந்த விடுபட்ட வேரிலிருந்துதான் என்பதையும், பல்லின் வேர் எதிலும் விரிசல் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டும்.

முதலில் பல்லின் அமைப்பைச் சொல்கிறேன். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு வேர்கள் இருக்கும். முன்வேரில் இரண்டு குழாய்களும், பின்வேரில் ஒன்றோ இரண்டோ குழாய்களும் இருப்பது வழக்கம். சிலருக்கு மட்டும் பின்வேரின் பக்கத்தில், நாக்கை நோக்கிய திசையில், தனியாக ஒரு மூன்றாவது வேர் முளைத்திருக்கும். மருத்துவத்தில் இதை ரேடிக்ஸ் என்டோமோலாரிஸ் என்று அழைக்கிறோம். வியன்னாவில் பல் மருத்துவராக இருந்த கராபெல்லி 1844ஆம் ஆண்டிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். இது நோயோ ஊனமோ அல்ல. பல் உருவாகும் காலத்தில் மரபுவழி அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. ஐரோப்பியரிடம் நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்குள்தான் இது காணப்படுகிறது. இந்தியரிடமும் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருப்பதாகக் கருதப்படுகிறது. சீனர், எஸ்கிமோ மக்கள், அமெரிக்கப் பூர்வகுடிகள் போன்றோரிடம் சில ஆய்வுகளில் முப்பது விழுக்காட்டுக்கும் மேல் பதிவாகியுள்ளது. ஆகவே நம் ஊரில் இது அரிதுதான் என்றாலும், ஆண்டு முழுவதும் கடைவாய்ப்பல் சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவர் எதிர்கொள்ளாமல் இருக்கக்கூடிய அளவுக்கு அரிதானதல்ல.

இந்த வேரின் வடிவம்தான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். மற்ற இரண்டையும்விட இது மெலிந்தது, பெரும்பாலும் குட்டையானது. பல்லின் உடலிலிருந்து நாக்குப் பக்கமாக வெளியே கிளம்பி, பிறகு நுனியில் கன்னத்தை நோக்கி வளைந்து திரும்பும். சாதாரண எக்ஸ்ரேயில் கதிர் கன்னத்திலிருந்து நாக்கை நோக்கி நேராகச் செல்வதால், இந்த வேர் பின்வேருக்குப் பின்னால் சரியாக மறைந்துகொள்கிறது. அதன் வளைவும் கதிர் செல்லும் திசையிலேயே இருப்பதால் படத்தில் தெரியாது. இரண்டு விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக முகத்துக்கு நேரே நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: முன்விரல் மட்டும்தான் தெரியும். தலையைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினால் பின்விரலும் வெளிப்படும். உங்கள் இரண்டாவது மருத்துவர் கருவியைச் சாய்த்து எடுத்தது இதற்காகவே. இந்த முறையை 1910ஆம் ஆண்டிலேயே கிளார்க் என்பவர் விளக்கியிருக்கிறார். இன்றும் எல்லாப் பல் மருத்துவ மாணவர்களுக்கும் இது கற்பிக்கப்படுகிறது. அதிகச் செலவில்லாத, ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு காரியம் உங்கள் பல்லைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டது என்பதைக் கவனியுங்கள். கடைவாய்ப்பல் எதுவானாலும் சிகிச்சைக்கு முன் நேராக ஒன்றும் சாய்த்து ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுப்பதை நம் மருத்துவர்கள் அனைவரும் கட்டாய வழக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் செய்தவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எடுத்த படங்களையும் சிகிச்சைக் குறிப்பையும் பார்க்காமல் அப்படித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. பல்லின் உட்புறம் எவ்வளவு வேறுபட்டிருக்கும் என்பதைக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சூரிச் நகரின் வால்டர் ஹெஸ் காட்டிவிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் குழாய்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டியாக்கி, சுற்றியிருந்த பல்லைக் கரைத்து எடுத்தபோது அவருக்குக் கிடைத்தவை நேர்க்குழாய்கள் அல்ல. கிளைத்தும் பிரிந்தும் மீண்டும் சேர்ந்தும் கிடந்த பின்னல்கள். மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லின் முன்கன்ன வேரில் பாதிப்பேருக்கும் மேல் இரண்டாவது குழாய் ஒன்று இருக்கிறது. உலகெங்கும் அதிகம் விட்டுப்போவது அதுதான். கீழ்த்தாடையின் முன்பற்களில்கூட நாக்குப் பக்கம் இரண்டாவது குழாய் ஒளிந்திருப்பது அபூர்வமல்ல. கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் வேர்கள் ஒட்டிப்போய், குழாய்கள் தனித்தனித் துளைகளாக இல்லாமல் ஆங்கில சி எழுத்தைப் போல ஒரே பிளவாக அமைவதும் உண்டு. இவற்றையெல்லாம் எதிர்பார்த்துத் தேடுவது மருத்துவரின் கடமை. தேடியும் கிடைக்காமல் போவது எவருக்கும் நேரலாம். அவரிடமே திரும்பிச் சென்று சண்டையில்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து சிகிச்சை செய்யப்போகிறவருக்கு அவை மிகவும் பயன்படும்.

மூன்று மாதம் நன்றாக இருந்த பல் பிறகு ஏன் வலித்தது என்பதும் உங்களுக்குப் புதிராக இருக்கலாம். சிகிச்சையின்போது பல்லின் நடு அறையில் இருந்த கூழ், அதாவது நரம்பும் ரத்தநாளமும் கொண்ட மென்திசு, அகற்றப்பட்டதால் முதலில் இருந்த கூர்மையான வலி நின்றுவிட்டது. மூன்றாவது வேருக்குள் எஞ்சிய கூழ் மெல்ல மெல்ல அழிந்து, அதைத் தின்று வளரும் கிருமிகள் நுனி வரை இறங்கி எலும்பை அரிக்கத் தொடங்கப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். 1965இல் ககேஹாஷியும் அவருடைய குழுவினரும் எலிகளை வைத்து நடத்திய சோதனை இதற்கு அடிப்படைச் சான்று: பல்லின் கூழைத் திறந்து வைத்தபோது, சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி வேர்நுனியில் சீழ் கட்டியது, கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கு அப்படி ஆகவில்லை, காயம் தானே ஆறியது. ஆக, பிரச்சினை குழாயில் உள்ள கிருமி. அந்தக் குழாய்க்குள் இப்போது ரத்த ஓட்டமே கிடையாது என்பதால் ரத்தத்தின் வழியே செல்லும் மாத்திரை அங்கே எட்டாது. நீங்கள் இருமுறை சாப்பிட்ட ஆன்டிபயாடிக் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதுவே விடை. மூன்றாம் முறை நீங்களாகவே மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் பரவினாலோ மட்டும் மருத்துவர் அதைத் தருவார். அப்போதும் அது பல்லுக்குள் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு மாற்றாகாது.

இனி உறுதிசெய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். ஈறில் கொப்புளம் திறந்திருக்கும் நாளில் மருத்துவரிடம் செல்ல முடிந்தால் மிகவும் நல்லது. அந்தத் துளை வழியே வேர்க்குழாயை அடைக்கப் பயன்படும் ரப்பர் போன்ற கட்டாப்பெர்ச்சாவால் ஆன மெல்லிய குச்சி ஒன்றை வலியில்லாமல் உள்ளே நகர்த்தி எக்ஸ்ரே எடுத்தால், அது சீழ் கிளம்பும் இடத்தைச் சுட்டிக்காட்டும். நாக்குப் பக்கத்தில் சீழ் வருவதாக நீங்கள் எழுதியிருப்பது, நாக்குப் பக்கத்து வேரையே என்னைச் சந்தேகிக்க வைக்கிறது. ஆனால் சீழ் எளிதான வழியைத் தேடி எங்கு வேண்டுமானாலும் வெளிவரும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. அடுத்து, பல்லைச் சுற்றி ஈறின் ஆழத்தை மெல்லிய அளவுகோலால் அளக்க வேண்டும். சுற்றிலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருந்து, ஓரிடத்தில் மட்டும் ஒடுங்கிய குழியாக எட்டு, பத்து மில்லிமீட்டர் இறங்கினால், அங்கே வேர் செங்குத்தாகப் பிளந்திருக்கலாம் என்று பொருள். பிளந்த வேரை எந்த வேர் சிகிச்சையாலும் ஒட்ட வைக்க முடியாது. அப்படி இருந்தால் மட்டும் உங்கள் மூன்றாவது மருத்துவர் சொன்னதே சரியாகிவிடும்.

ஸ்கேன் தேவையா என்றால், உங்கள் பல்லுக்குத் தேவை. அமெரிக்காவின் வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் வாய், முக எக்ஸ்ரே நிபுணர்கள் கழகமும் சேர்ந்து வெளியிட்டு 2015இல் புதுப்பித்த வழிகாட்டுதல், எல்லோருக்கும் இந்த ஸ்கேனை எடுக்கச் சொல்லவில்லை. கூடுதல் குழாய் இருக்கலாம் என்று ஐயப்படும் பற்களிலும், சிகிச்சை பலிக்காமல் மறுபடி செய்யப்போகும் பற்களிலும் சிறு பரப்புச் சி.பி.சி.டி.யைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள். ஸ்கேன் மையத்தில் முழுத் தாடையையும் எடுக்க வேண்டாம், அந்தப் பல்லை மையமாக வைத்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத பரப்பை மட்டும் எடுங்கள் என்று சீட்டில் எழுதிவாங்கிச் செல்லுங்கள். பரப்பு குறைந்தால் படத்தின் நுணுக்கம் கூடும், கதிர்வீச்சும் குறையும். அப்படி எடுக்கும்போது உடலில் படுவது பொதுவாகச் சில பத்து மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுதான். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் நாம் ஒவ்வோர் ஆண்டும் சராசரியாகப் பெறுவது 2400 மைக்ரோசீவர்ட். கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: உங்கள் கேப் உலோகத்தால் ஆனது என்பதால் அது படத்தில் கோடுகளையும் நிழல்களையும் உண்டாக்கிப் பக்கத்தில் இருப்பதை மறைக்கக்கூடும். எப்படியும் அதை எடுக்கத்தான் போகிறோம் என்று மருத்துவர் முடிவுசெய்திருந்தால், எடுத்த பிறகு ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்வதே நல்லது. வரும்போது அச்சிட்ட ஃபிலிமை மட்டும் வாங்கி வராதீர்கள். முழுப் பதிவையும் கேளுங்கள். மருத்துவர் அதைக் கணினியில் அடுக்கு அடுக்காக நகர்த்திப் பார்த்தால்தான் அந்த வேர் எங்கே பிரிகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறது, முன்பு அடைத்த குழாய்கள் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் தெரியும்.

மறு சிகிச்சையைப் பற்றி எனக்கு நம்பிக்கை இருப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. 2004இல் இத்தாலியின் கோர்னியும் காலியானியும் நானூற்றுக்கும் மேற்பட்ட மறு சிகிச்சைப் பற்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் சிகிச்சையில் குழாயின் இயல்பான வடிவம் கெடாமல் இருந்தவற்றில் 87 விழுக்காடு அளவுக்கு வெற்றி கிடைத்தது. கருவி குழாயின் சுவரில் படி வெட்டியோ துளை போட்டோ வடிவம் கெட்டிருந்தவற்றில் அது 47 விழுக்காடாகக் குறைந்தது. உங்கள் மூன்றாவது வேரை இதுவரை எந்தக் கருவியும் தொடவில்லை. அதாவது அதன் வளைவு பிறவியில் அமைந்தபடியே இருக்கிறது; அதில் அடைப்பும் இல்லை, முறிந்த கருவியும் இல்லை. விட்டுப்போனது உங்களுக்குத் துன்பம் தந்தது உண்மைதான் என்றாலும், அரைகுறையாகக் குடைந்து கெடுக்கப்பட்ட குழாயைவிடத் தொடாத குழாயே எங்களுக்கு எளிது.

சிகிச்சை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேப்பை எடுத்துவிட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி, உமிழ்நீர் உள்ளே போகாமல் தடுப்பார்கள். கேப்பின் மேலேயே துளையிட்டுச் செய்வோரும் உண்டு. விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால் உங்களுக்கு எடுத்துவிட்டுச் செய்வதையே நான் விரும்புவேன். பிறகு நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் அறையின் தரையைத் தேடுவார்கள். தேடலும் குருட்டாம்போக்கானது அல்ல. 2004இல் கிராஸ்னரும் ராங்கோவும் ஐந்நூறு பற்களை ஆராய்ந்து சொன்ன விதிகள் இருக்கின்றன: தரையின் நிறம் சுவரைவிடக் கருமையாக இருக்கும், குழாய்களின் வாய்கள் தரையும் சுவரும் சேரும் கோட்டில்தான் இருக்கும், கீழ்க் கடைவாய்ப்பல்லில், தரையின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு கோடு கிழித்தால், குழாய் வாய்கள் அதற்கு இருபுறமும் சம தூரத்தில் அமையும். ஆகவே பின்புறக் குழாயின் வாய் நடுவில் இல்லாமல் கன்னப்பக்கம் ஒதுங்கியிருந்தால், நாக்குப் பக்கம் இன்னொன்று இருக்கிறது என்று பல்லே சொல்கிறது. முக்கோணமாகத் திறந்திருந்த வாயிலை நாக்குப் பக்கத்துப் பின்மூலைக்கு விரித்தால் அது பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது, அதற்குள் இறங்குவது. 0.08, 0.10 மில்லிமீட்டர் நுனியுள்ள மெல்லிய கைக்கருவிகளை முன்னரே வளைத்து, அவசரமில்லாமல் வழி கண்டபின்னரே, வளையும் தன்மையுள்ள நிக்கல் டைட்டானியக் கருவிகளைச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் கருவி உள்ளே முறியும், அல்லது மெலிந்த வேரின் சுவர் துளைபடும். இந்த இரண்டு அபாயங்களையும் மருத்துவர் தொடங்கும் முன் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, சீழ் இருப்பதால் ஓரிரு வாரம் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, அடுத்த முறை அடைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மற்ற குழாய்களின் அடைப்பு செறிவாக இருந்து, அவற்றின் நுனியில் எலும்பு அரிப்பு இல்லை என்று ஸ்கேன் காட்டினால், அவற்றைத் தொடாமல் விடுவதிலும் தவறில்லை. இவற்றைச் செய்ய வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்து, நுண்ணோக்கி வைத்திருக்கும் மருத்துவரை நாடுங்கள். தனியாரிடம் செலவு மிகும் என்று தோன்றினால், சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்பட்ட சிதம்பரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே தனித்துறை உண்டு.

இந்த முயற்சி பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேர்நுனியை அறுவை செய்து எடுப்பது மற்ற வேர்களுக்கு ஒரு வழி. நாக்குப் பக்கத்து வேரைக் கன்னப் பக்கமிருந்து எட்டுவது மிகக் கடினம். பல்லை எடுத்து வெளியே சரிசெய்து மறுபடி நடும் முறையும், கொக்கி போல் வளைந்த இந்த வேர் எடுக்கும்போதே உடையக்கூடும் என்பதால் இங்கு ஆபத்தானது. இதனால்தான் உள்வழியாகச் செய்யும் மறு சிகிச்சையை முதலிலேயே மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும் என்கிறேன். ஒருவேளை பிடுங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், மூன்றாவது வேர் இருப்பதைப் பிடுங்குகிறவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். இம்ப்ளாண்ட் நல்ல மருத்துவம்தான். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அதைச் சுற்றியும் அழற்சி வந்து எலும்பு கரைய வாய்ப்பு அதிகம். உங்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு என்பதைப் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். அது கூடுதலாக இருந்தால் எலும்பு ஆறுவது தாமதமாகும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கிருமி இருக்கும்வரை சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமம்தான். தாடைக்குக் கீழே வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானாலோ, பல் மருத்துவர் வரும் நேரத்துக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்தால் கொப்புளம் சில வாரங்களில் மறைந்துவிடும். எலும்பு நிரம்புவது மெதுவாக நடக்கும். ஆறு மாதத்தில் ஒன்றும், ஓராண்டில் ஒன்றுமாகச் சாதாரண எக்ஸ்ரே எடுத்து, முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். எலும்பு அரிக்கப்பட்ட இடம் படத்தில் காட்டும் நிழல் சிறுத்துக்கொண்டே வந்தால் முற்றும் மறைய நான்கு ஆண்டுகள்வரை பொறுக்கலாம். ஆனால் சிகிச்சை முடிந்தவுடன் புதுக் கேப் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விடப்பட்ட பல்லில் கிருமி மறுபடி நுழைந்துவிடும்.

கடைசியாக, இடப்பக்கத்துப் பல். இந்த மூன்றாவது வேர் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் இருக்கும் வாய்ப்பு கணிசமானது; ஏறத்தாழ பாதிப்பேருக்கு இருபுறமும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக இப்போதே அந்தப் பக்கமும் ஸ்கேன் எடுக்க வேண்டாம். சாய்த்து எடுக்கும் ஒரு எக்ஸ்ரே போதும். சொத்தை இன்னும் கூழைத் தொடவில்லை என்றால் இந்த மாதத்திலேயே சுத்தம் செய்து அடைத்துவிடுங்கள். கூழ் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பல்லுக்கு எத்தனை வேர் இருந்தாலும் யாரும் அதற்குள் இறங்கித் தேட வேண்டியிருக்காது. கூழ்வரை போய்விட்டது என்று தெரிந்தால், வலப்பக்கத்தின் ஸ்கேனையும் கையில் எடுத்துச் சென்று, முதல் நாளே அந்த மருத்துவரிடம் காட்டுங்கள்.